கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் கை

தன் இரும்புக் கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தால்கூட, அது பசியோடு வந்ததா, சாப்பிட்டுவிட்டு வந்ததா என்று சொல்லிவிட முடியும் என்பார் வேதகிரி. அணு ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்தொரு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. நான்கடி கனமுள்ள கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பிடியை அசைத்தால், அந்தப் பக்கத்து இரும்புக் கை கதிர்வீசும் துண்டுகளை எடுத்து வைக்கும். இந்த வருட மருத்துவச் சோதனையில் டாக்டர் நசீமா அவரைக் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஐந்து முறை ஊசியால் குத்தினார். எப்போது குத்துவார் என்று வேதகிரி காத்துக்கொண்டிருந்தார்.

“சர்க்கரை உங்க கையைத் தின்னுடுச்சு. இனி அந்த வேலை வேண்டாம். ஆபீஸ்ல உக்காருங்க.”

“வேலை செய்யறது அந்தக் கை டாக்டரம்மா. இதை ஏன் குத்துறீங்க?”

“கதை விடாதீங்க.”

பயிற்சிக்கென்று, அதே போன்ற கண்ணாடியும் இரும்புக் கையுமாக, கதிர்வீச்சே இல்லாத அறை ஒன்று இருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசியோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். வேதகிரி பிடியைப் பற்றிக் கண்ணை மூடினார்.

“கட்டைவிரல்,” என்றார். “இப்ப சுண்டுவிரல். இப்ப குத்தல, பக்கத்துல கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க.”

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இரும்பு விரல்களை மெல்லத் தன் கையால் பிடித்தார்.

“ஜில்லுனு இருக்கு உங்க கை. பயந்துட்டீங்களா?” என்றார் வேதகிரி, கண்ணைத் திறக்காமலே.

டாக்டர் வெளியே வந்து சோதனைப் படிவத்தை எடுத்தார். “உணர்ச்சி இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். வலதா, இடதா என்று படிவம் கேட்டிருந்த இடத்தில் பேனா நின்றது.