அலாரம் அடிக்கும் வார்டு

மார்ச் ஒன்பது, ஞாயிறு காலை பதினொரு மணி, மூன்றாம் மாடி வீட்டுக் கூடம். நர்ஸ் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டின் நாற்பத்தோராம் நாள். செத்தால் எல்லாம் முதலிலிருந்துதான். திரைக்குள், கொள்ளைநோய் காலிசெய்த மருத்துவமனையில், இருவரும் கட்டிலடியில் பதுங்கியிருக்கிறார்கள். நோய் முற்றி வெறிபிடித்தவர்கள் அலாரம் அலறும் இதயத்துடிப்பு மானிட்டரைச் சுற்றி நிற்கிறார்கள். அவர்கள் முதுகுகளில் பச்சை வெளிச்சம் துடிக்கிறது. “அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் நம்ம பக்கம் திரும்ப மாட்டாங்கக்கா. கதவுக்கு ஊர்ந்து போ.” “போறேன்டா, நீ வாயை மூடு.” அவள் மவுஸை மெல்ல நகர்த்துகிறாள். கதவருகே சுவரில் அலாரத்தை நிறுத்தும் பொத்தான். பதினொரு வருடம் நிஜ வார்டில் வேலைபார்த்த விரல் தானாக அதை அமுக்கிவிடுகிறது. சத்தம் நிற்கிறது. “ஐயோ அக்கா, டூட்டியிலயா இருக்கே?” முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. தம்பி மட்டும் கதவைத் தாண்டுகிறான்.