மூன்று சட்டை

பின்பக்கச் சந்தில் பைக்கை நிறுத்திவிட்டு அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கட்டம் போட்ட சட்டையை உருவி வெள்ளைச் சட்டையை மாட்டும்போது போன் அடித்தது. மனைவி.

"மோதிரத்தக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன். யாரும் பாக்கல."

"கழுத்துல மாதா டாலர்?"

தொட்டுப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அதுவும் பைக்குள் போனது.

கீபோர்டு வாசிப்பவர், பாவம். ஞாயிறு காலை ஆறரைக்குக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை. ஒன்பதுக்குப் புராட்டஸ்டன்ட் ஆலயத்தில் ஆராதனை. பதினொன்றரைக்கு இந்தப் பெந்தகொஸ்தே சபை. இங்கே வெள்ளைதான் உடுத்த வேண்டும், ஒரு பொட்டு நகைகூட ஆகாது.

மூன்று இடத்துக் கமிட்டிக்காரர்களும் ஒரே கண்டிஷன் போட்டிருந்தார்கள்: வேறு எங்கேயும் வாசிக்கக் கூடாது. மூன்று இடத்திலும் தலையாட்டிவிட்டார். ஒரு இடத்து வருமானத்தில் பாதி மாதம்கூட அடுப்பு எரியாதே.

முதல் வருஷம் ஓடி ஓடி நாக்கு தள்ளியது. அப்புறம் ஆலயத்து ஆயர், மூட்டுவலிக்காரர்களால் சீக்கிரம் எழுந்து வர முடியவில்லை என்று எட்டு மணி ஆராதனையை ஒன்பதுக்குத் தள்ளினார். அதே மாதம் இந்தச் சபைப் பாஸ்டரும் ஏதோ காரணம் சொல்லிப் பத்தரையைப் பதினொன்றரை ஆக்கினார்.

"ஆண்டவராப் பாத்து வழி விட்டிருக்காரு" என்றாள் மனைவி. அவரும் அப்படித்தான் நம்பினார். ஃபாதர், ஆயர், பாஸ்டர் மூவரும் தெருவில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவதோடு சரி.

அன்றைக்கு ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூல் ஹால்ல மூணு சபையும் சேந்து ஒற்றுமை ஜெபம். நம்ம பிரதர்தான் கீபோர்டு."

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் ஃபாதர் போனில் அதையே சொன்னார். கை கழுவுவதற்குள் ஆயர்.

"காய்ச்சல்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா பாக்க வருவாங்க. மூணு பேரும் ஒண்ணா இந்தக் கட்டிலச் சுத்தி நிப்பாங்க."

"அப்ப எந்தச் சட்டை போடுவீங்க?"

"வயித்தெரிச்சலக் கிளப்பாத."

மூன்றரைக்கே போய்விட்டார். ஹால் நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உட்காரக்கூட இல்லை அவர், நின்றபடியே கொட்டிவிட்டார்.

"மூணு பேர்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். மூணு எடத்துலயும் நான்தான் வாசிக்கிறேன். நிறுத்துறதுன்னா இப்பவே நிறுத்திடுங்க, எல்லாரு முன்னாடியும் வேணாம்."

பாஸ்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஃபாதர் சன்னலை இழுத்து மூடினார்.

"பொய் சொன்னது தப்புதான்" என்றார் ஆயர். "இப்ப போய் வாசி. மூணு சபைக்காரங்களும் நம்ம ஆளத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு பெருமையா உக்காந்திருக்காங்க."

"கமிட்டிக்காரங்க கேட்டா?"

"இன்னிக்கு ஒரு நாளைக்கு இரவல் குடுத்தோம்னு ஆளுக்கொரு பக்கம் சொல்லிக்கிறோம்" என்றார் பாஸ்டர்.

ஃபாதர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ பைக்ல வந்து சேரணுமேன்னு நாங்க மூணு பேரும் போன்ல பேசி வெச்சுதான் நேரத்த மாத்துனோம்னு மட்டும் எவன்கிட்டயும் வாயத் தொறந்துடாதப்பா."