வெள்ளைக்குள் பச்சை

உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்ததும் வெள்ளைக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்த்தது.

பெடல் மாமா கையை நிறுத்தினார்.

தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். நடக்கப் பழகிய மறுநாளே சைக்கிள் ஏறியவர் என்று அவர் மனைவி கேலி செய்வாள். தலை நரைத்த பிறகு அந்த சைக்கிள் பைத்தியத்துக்கே ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. சைக்கிள்காரர்களுக்குச் சாலையில் இடம் கேட்டுப் போராடும் சங்கத்தில் முழுநேர ஊழியர். இன்றுதான் முதல் நாள்.

உட்கார்ந்து செய்கிற வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். லாரியில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் மறுபடி சைக்கிள் என்று வாயெடுத்தால் எந்த மனைவி விடுவாள்?

சாலையில் அடிபட்டுச் செத்தவரின் சைக்கிளையே வெள்ளையடித்து, அவர் விழுந்த இடத்தில் நிறுத்திவைப்பது சங்கத்தின் வழக்கம். அப்படி நின்று நின்று துருவேறிய ஒன்றைப் பின்கட்டுக்குக் கொண்டுவந்து, தேய்த்துப் புதுசாகப் பூசச் சொல்லியிருந்தார்கள்.

பச்சை என்றால் சும்மா பச்சை இல்லை. கிளிப்பச்சை.

ஊரில் எத்தனையோ பச்சை சைக்கிள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பாரின் அடிப்பக்கத்தைத் தடவினார். விரலில் இரண்டு துளைகள் தட்டுப்பட்டன. மகள் சின்னவளாக இருந்தபோது குட்டி சீட் மாட்ட அவரே போட்ட துளைகள். அவசரத்தில் ஒன்று கோணலாகப் போய்விட்டது.

இதிலும் ஒன்று கோணல்.

அடக் கடவுளே, இது அவருடைய சைக்கிளேதான்!

அடிபட்ட அன்று தெருவில் விட்டது. பிழைத்து எழுந்து விசாரித்தபோது எவனோ தூக்கிக்கொண்டு போயிருந்தான். வயிறெரிந்து சாபம் விட்டார். அதில் ஏறுகிறவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்றுகூடச் சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் தூக்கிக்கொண்டு போனவன் இதிலேயே அடிபட்டுச் செத்திருக்கிறான். ஏதோ ஆத்திரத்தில் சொன்னது. அப்படியே பலிக்கவா வேண்டும்? அந்தத் திருட்டுப் பயலுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்திருக்குமே.

பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகச் செயலாளர் வந்தார். பெடல் மாமாவின் மகள் வயதுதான் இருக்கும்.

"இந்த சைக்கிள்ல செத்தவரு யார் மேடம்?"

"பேர் தெரியாது சார். ரொட்டிக்கடை முனையில லாரி அடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சு. நான்தான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில வச்சேன். முகமெல்லாம் ரத்தம், மூச்சே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கக்கூட தைரியம் வரல சார். ரோட்டுல கிடந்த சைக்கிளை மட்டும் தூக்கிட்டு வந்தேன். சங்கம் ஆரம்பிச்சதே அவருக்காகத்தான்."

ரொட்டிக்கடை முனை. எழுந்து நடமாடிய நாளிலிருந்து அந்தப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

திருடனும் இல்லை, சாபமும் பலிக்கவில்லை. செத்துப்போனது அவரேதான்.

சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. இந்தப் பெண்ணின் காலில் விழவேண்டும் போலவும் இருந்தது, என் சைக்கிளைக் கொடு என்று சண்டை போடவேண்டும் போலவும் இருந்தது. நான்தாம்மா அது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"நாளைக்கு அதிகாரிங்க அந்த முனைக்கு வர்றாங்க சார். ஒரு உயிர் போன இடமாச்சேன்னு இப்பதான் மனசு இறங்கியிருக்காங்க. இனிமே அங்க லாரியே வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டுடுவாங்க. அதான், பளிச்சுன்னு இருக்கட்டும்."

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

முனைக்கு அடுத்தாற்போல் பள்ளிக்கூடம். சாயங்காலம் பிள்ளைகள் கூட்டமாக அங்கேதான் சைக்கிளைத் திருப்பும். யாருமே சாகவில்லையா, அப்புறம் என்ன என்று அதிகாரிகள் வந்த வழியே வண்டியேறுவது இப்போதே கண்ணில் தெரிந்தது. மனுஷன் உயிரோடு இருப்பதில் இப்படியும் ஒரு சங்கடமா?

அதற்காக நாளைக்கு அந்த முனையில் போய், தனக்குத்தானே தலைகுனிந்து நிற்பதா? ஒன்றும் ஓடவில்லை. பிரஷ்ஷை வாங்கி டப்பாவில் முக்கினார். எட்டிப் பார்த்த பச்சையின் மேல் ஓர் இழுப்பு இழுத்தார். செத்தவன் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

செயலாளர் பெருமூச்சு விட்டார்.

"ஒரு குறைதான் சார். கை காட்டாம திடீர்னு திரும்பிட்டார், தப்பு அவர் மேலதான்னு ரொட்டிக்கடைக்காரர் சொல்லிட்டே இருக்காரு. இல்லைன்னு சொல்ல அந்த மனுஷன் உயிரோட இல்லையே."

"கை காட்டினார் மேடம்!"

சத்தமாகத்தான் வந்துவிட்டது.

செயலாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். பெடல் மாமாவின் கை, பிரஷ்ஷோடு, தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நேராக நீண்டிருந்தது. அவர் நீட்டியதாக அவருக்கே தெரியாது. பிரஷ்ஷிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.