பயமில்லாத நாற்காலி

டெக்சாஸில் அந்த ஊர் உணவகத்துக்கு வரும் ஆண்கள் எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி உண்டு. ஆனால் விதவை லொரீன் தினமும் ஆர்விலின் பக்கத்தில்தான் உட்காருவாள். டெல்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது.

"உன்கிட்ட அப்படி என்னடா இருக்கு?"

"என் தாத்தாவோட ரிவால்வர்! 'உங்க பக்கத்துல இருந்தா பயமே இல்ல'ன்னு அவளே சொன்னா. உன்னோடது பிளாஸ்டிக் பொம்மைடா!"

அன்றே டெல்பர்ட் தன் புத்தம்புதுப் பிஸ்டலை விற்றுவிட்டு, தந்தப் பிடி போட்ட பழைய ரிவால்வர் ஒன்றை வாங்கினான். மறுநாள் அதைப் பார்த்ததும் லொரீன் காபிக் கோப்பையோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆர்விலின் முகம் செத்துவிட்டது.

"இதுவும் பழசா, டெல்பர்ட்?"

"நூறு வருஷப் பழசு!"

"அப்ப சுடாதுல்ல?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? காலையிலதான் சுட்டுப் பாத்தேன். ஒரு குண்டுகூடக் குறி தப்பல. இப்பவும் உள்ள குண்டு இருக்கு!"

லொரீன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"பக்கத்துல உக்காந்திருந்தவரோட துப்பாக்கி தவறி வெடிச்சுதான் என் புருஷன் போனார். ஆர்விலோடதுக்குக் குண்டே இப்ப யாரும் செய்யறதில்ல. நிம்மதியா காபி குடிக்க இந்த ஊர்ல எனக்கு அந்த ஒரு நாற்காலிதான் இருக்கு."