பொருந்தாத கார்புரேட்டர்

“இந்த ரெண்டுல எதைப் போட்டா வண்டி ஓடாதுண்ணே?”

மெக்கானிக் தலையைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷத் தொழிலில் இப்படியொரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டவள் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெரியவரின் மருமகள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று தெருவே சான்றிதழ் கொடுத்திருந்த பெண்.

பலகைமேல், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்கள் இரண்டு, பழையவை, இருந்தன. அவள் மாமனாரின் காரில் இருந்தது தேய்ந்துபோனதால், மாற்றாகத் தேடிப் பிடித்தவை. ஒன்று கைக்கு அடக்கம். மற்றது வாய் அகன்ற பெரியது.

“பெரிசைப் போட்டா அந்தச் சின்ன இன்ஜினுக்குக் காத்து ஜாஸ்தி, பெட்ரோல் பத்தாது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இருமிட்டு நின்னுடும். சின்னதுதான்மா சரி.”

“அப்ப பெரிசையே போடுங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எங்க மாமா எடுத்தார்னா, வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டக்கூடாது.”

“ஏம்மா?”

“அதை மட்டும் கேக்காதீங்க. உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி.”

அதில் பொய்யில்லை. தெருவில் அவருக்குப் பெயரே ‘மைக்’தான்.

அவள் போனபின் மைக்குக்கு வேலை ஓடவில்லை. தெரு முனையில் ரயில்வே கேட். கேட்டைத் தாண்டாத வண்டி வேறெங்கே நிற்கும்? தண்டவாளத்தில்தானே! வீடு பெரியவர் பேரில்; மகனுக்கு வெளியூரில் வேலை; வீட்டில் அவரும் இவளும் மட்டும்தான். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மைக்குக்கு ஒரு கொலைத் திட்டமே தெரிந்தது.

விஷயத்தைப் பக்கத்துக்கடைத் தையல்காரரிடம் மட்டும் சொன்னார். அதாவது, பாதித் தெருவுக்கு.

“யோவ், நீ பெரிசை மாட்டினா, போலீஸ் உன்னை மாட்டிடும்,” என்றார் தையல்காரர், வாயில் இருந்த ஊசியை எடுக்காமலே.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியவரே வந்து நின்றார். “என்னப்பா மைக், சத்தத்தையே காணோம்? வண்டி என்னாச்சு?”

“இதோ ஐயா, எதை மாட்டலாம்னுதான்...”

“கொடு இங்கே.” இரண்டையும் வாங்கி, வாய்ப்புறத்தில் கட்டைவிரலை விட்டு ஒரு தடவு தடவினார். “இது பெரிசு. என் வண்டி தாங்காது. இந்தச் சின்னதைப் போடு.”

குனிந்துகூடப் பார்க்கவில்லை மனிதர்! மைக்குக்கு மெய்சிலிர்த்தது. இவ்வளவு தெரிந்தவரையா தண்டவாளத்தில் நிறுத்தப் பார்க்கிறாள்?

சின்னதை மாட்டி இன்ஜினைச் சூடேற்றினார். பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

“பெட்ரோல் ஜாஸ்தியாப் போகுது. ஸ்க்ரூவைக் கால் சுத்து உள்ளே விடு... இன்னும் ஒரு நூல்... விட்டுடு. இப்ப ஸ்லோ ஸ்பீடைக் குறை.”

இருமிக்கொண்டிருந்த இன்ஜின் தூங்குகிற பூனை மாதிரி சீராக உறுமியது. அது இப்படி ஓடி எத்தனையோ காலமாயிற்று.

மைக் அவர் காதருகே குனிந்தார். “ஐயா, தப்பா நினைக்காதீங்க. வீட்டுல யாரையும் நம்பாதீங்க. சாப்பிடறதைக்கூடப் பார்த்துச் சாப்பிடுங்க.”

“பார்த்தா?” பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நல்லாச் சொன்னே போ!”

வண்டி கிளம்பியது. நாற்பது வருஷமாக ஓட்டிய நேர்த் தெரு. அடிக்கோல் வைத்த மாதிரி போயிற்று. ஒரு இருமல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தைத் தாண்டி, ஜனம் நெரியும் கடைத்தெருவுக்குள் அது நுழைந்ததும், மைக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம்! தையல்காரரும் வெளியே வந்து தலையாட்டினார்.

இன்ஜின் சத்தம் கேட்டோ என்னவோ, மருமகள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். “யாருண்ணே வண்டியை எடுத்துட்டுப் போறது?”

“வேற யாரு? உங்க மாமனார்தான். நீ நினைச்சது நடக்காது தாயி. சின்னதைத்தான் மாட்டியிருக்கேன். கேட்டைத் தாண்டிப் பத்திரமாப் போயாச்சு!”

அவள் கேட்டை நோக்கி நாலடி ஓடித் திரும்பினாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஹார்ன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அலறத் தொடங்கின.

“அவருக்குக் கண்ணு தெரியாதுண்ணே!”