நனையாத உள்ளாடை

“இன்னும் நாப்பத்தோரு மணி நேரம்தாங்க இருக்கு. ஒழுங்கா பதில் சொல்லுங்க. எதுல அதிகமா நனைஞ்சீங்க?”

கட்டிலில் மூன்று ஜோடி உள்ளாடைகளைப் பரப்பிவைத்து, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள் சுகிர்தா.

“எல்லாத்துலயும்தான்” என்றான் அவள் கணவன் நவநீதன், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

முகத்துவாரத்துப் பாலத்தின் தூண்களைத் தண்ணீருக்குள் முங்கிப் பார்க்கும் வேலை அவனுக்கு. கலங்கல் தண்ணீர் உடம்பில் படக்கூடாது என்று டிரை சூட் கொடுத்திருந்தார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடிக்கும். ஒரு சொட்டு உள்ளே போகாது. ஆனால் மூன்று முறை முங்கி, மூன்று முறையும் உள்ளே ஈரத்தோடுதான் ஏறினான்.

நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு நான்காவது முறை. அதிலும் ஈரம் என்றால், இவன் கழுத்துக்கு சூட் பொருந்தவில்லை என்று எழுதி, பழையபடி படகிலிருந்து, முங்குகிறவனின் கயிறு பிடிக்க அனுப்பிவிடுவார் மேற்பார்வையாளர் ரிஃபாய். ஐந்து வருடம் கயிறு பிடித்தவன் நவநீதன்.

“லீக்கா வேர்வையான்னு அவரு மோந்து பாக்க மாட்டாரா?”

“அந்த முகத்துவாரத்துல எல்லாம் ஒரே வாடைதான்.”

“லீக் கெடையாதுங்க. தண்ணி இருபத்தெட்டு டிகிரி. அதுல ரப்பரைப் போட்டு மூடிக்கிட்டு முக்கா மணி நேரம். வேர்க்காம என்ன செய்யும்?”

“அதானே” என்றான்.

முதல் ஜோடியைத் தூக்கினாள். “காட்டன் வேணாம். வேர்வையைக் குடிச்சா விடாது. அடுத்தது, எங்க மாமா கேதார்நாத்துக்கு வாங்குன கம்பளி.”

“அதைப் போட்டுக்கிட்டுப் போனப்ப ரிஃபாய் பாய் கேட்டாரு, காரைக்கால்ல எந்தத் தெருவுல பனி பெய்யுதுன்னு.”

“சிரிக்காதீங்க. கம்பளி காத்தைப் புடிச்சு வெச்சுக்கும். முங்குறதுக்கு இடுப்புல ஈயம் அதிகமா கட்டணும். அதுவும் வேணாம். சைக்கிள் ஓட்டுறவங்க டைட்ஸ் பரவாயில்ல. ஆனா தையல் தடிமன்.” நிமிர்ந்தாள். “ஈரத் துணியை எடை போடணும், அப்படியே கொண்டாங்கன்னு சொன்னேன்ல?”

“அங்கேயே அலசிட்டேன்.”

“மூணையுமா?”

“மூணையும்.”

கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவன் ஒரு கைக்குட்டையைக்கூட அலசியதில்லை. சுகிர்தாவுக்கு மனம் இளகிவிட்டது.

நோட்டில் கட்டம் போட்டு நிரப்பினாள். துணி, நிமிடம், ஈரம், குடித்தது. கடைசிக் கட்டத்தில் மூன்று நாளும் ஒன்றேதான்: இளநீர், இரண்டு.

மாலையில் கோட்டுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய், உடம்போடு ஒட்டுகிற, தையல் உறுத்தாத, மெல்லிய நைலான் உள்ளாடை ஒன்றைத் தேடி வாங்கினாள்.

“சாருக்கு யோகாவாம்மா?” என்றார் கடைக்காரர்.

விளக்கினால் பஸ் போய்விடும். “ஆமாங்க” என்றாள்.

முங்க வேண்டிய நாள் வந்தது. காலை ஏழு மணி. புது உள்ளாடையின் மேல் சட்டை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான் நவநீதன். வாசலுக்கு ஒரு பெரிய சொம்போடு வந்தாள் சுகிர்தா.

“இன்னிக்கு மூணு இளநீர். நைலான் வேர்வையை உள்ள தேக்காது. உடம்புக்குத் தண்ணி கூடுதலா வேணும். குடிங்க.”

அவன் சொம்பை வாங்கினான். உள்ளே எட்டிப் பார்த்தான். குடிக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

“என்னங்க?”

“இனிமே துணியை மாத்தாத, சுகிர்தா.”

“பின்ன எதை மாத்துறது? நாலாவது தடவையும் வேர்த்துச்சுன்னா கயிறுதான் புடிக்கணும்.”

நவநீதன் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

“எனக்கு ஒரு நாளும் வேர்க்கல. நீ குடுக்குற ரெண்டு இளநீரும், தண்ணியில எறங்குன எட்டாவது நிமிஷம் வெளிய வந்துடுது.”