காலையில் வராத மகரந்தம்

இருட்டிய பிறகு ஒரு சின்னத் தீவின் தோட்டத்தில் 'கறுக், கறுக்' என்று ஒரு விநோதமான சத்தம் கேட்டது. அங்கிருந்த இரண்டே இரண்டு வெண்ணெய்ப்பழ மரங்களும் இலையைக்கூட அசைக்காமல் நின்றன. முள்ளம்பன்றி ஒன்று வேலிக் கட்டையில் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"பசி தாங்கல. உங்க ரெண்டு பேர்ல யாரோட பட்டையை உரிக்கட்டும்?" என்று கேட்டது.

கிளை கொள்ளாமல் காய்த்திருந்த கறுப்புத்தோல் பழ மரம் நடுங்கிப்போனது. "நான் பிள்ளைக்காரிங்க. அவளைப் பாருங்க, காய்ச்சதே நாலு காய். அவளை எதுக்கு வச்சிருக்காங்கன்னே தெரியல."

"அக்கா" என்று மட்டும் சொன்னது பச்சைத்தோல் மரம். முள்ளம்பன்றி அதன் பட்டையைச் சுற்றிலும் உரித்துத் தின்றது; கொஞ்ச நாளில் அந்த மரம் பட்டுப்போனது.

அடுத்த பூக்காலத்தில், காலையில் பெண்ணாகவும் சாயங்காலம் ஆணாகவும் விரியும் கறுப்புத்தோலின் பூக்கள், காலையில் விரிந்து மகரந்தத்துக்குக் காத்திருந்தன. தேனீ மகரந்தம் ஒட்டாத வெறுங்காலோடு வந்து நின்றது.

"உங்க மகரந்தம் சாயங்காலம்தானே வரும்? காலையில குடுக்கிறது பச்சைத்தோல் அக்காதான். அதுக்குத்தானே அவங்களை இங்க நட்டாங்க. எங்க அவங்க?"

"பூச்சி அரிச்சிடுச்சு" என்றது மரம், தேனீயின் முகத்தைப் பார்க்காமல்.

"அடப் பாவமே. மகரந்தத்தை முதல்ல உங்க வீட்டுக்குக் கொண்டுபோன்னு சொல்லித்தான் தினம் அனுப்புவாங்க."

மரம் கூனிக் குறுகிப்போனது. தேனீ பறந்துவிட்டது.

உச்சிவேளை ஆனதும் பூக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கடைசிப் பூ மட்டும், "அம்மா, இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டுமா?" என்று கேட்டது.

"வேண்டாம் கண்ணு. இனி யாரும் வர மாட்டாங்க."

பூ தன் இதழ்க் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டது.